எண்ணிப் பார்த்த நீதிபதி: ராஜகோபால அய்யங்காரும் நம்ம வீட்டு மருந்துப் பெட்டியும்

எங்க ஊர்ப்பக்கம் "சட்டம் படிச்ச அறிஞர்"னு சொன்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்றது ரசிகமணி டி.கே.சி.தான். வக்கீலுக்குப் படித்துவிட்டு, கம்பனில் மூழ்கி, குற்றாலத்தில் உட்கார்ந்துகொண்டு ஊர் ஊராக ஆட்களைத் தன்னைத் தேடி வரவைத்தவர். தென்காசிக்காரன் எவனும் அவரைப் பற்றி நாலு வரியாவது சொல்லுவான்.

இந்தப் பதிவு வேறொரு சட்ட அறிஞரைப் பற்றியது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் பிறகு உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்த என். ராஜகோபால அய்யங்கார். அவர் பேரை இங்கே பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பேரும் முழிப்பார்கள். ஆனால் அந்தப் பத்துப் பேர் வீட்டிலும் ஒரு மருந்துப் பெட்டி இருக்கும். சர்க்கரைக்கு, பிரஷருக்கு, தைராய்டுக்கு என்று அதில் கிடக்கிற அட்டைகளின் விலை இன்றைக்கு நம்மால் தாங்க முடிகிற அளவில் இருப்பதற்கு, 1959-இல் அவர் எழுதிக் கொடுத்த ஓர் அறிக்கை முக்கியமான காரணம்.

சட்ட வரலாறு என் படிப்பு இல்லை. நான் பி.இ. படித்த மென்பொருள்காரன். காப்புரிமை, அதாவது நாம பேட்டன்ட்னு சொல்றது, எனக்கு அறிமுகமானது வேலை வழியாகத்தான். முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் வருஷத்துக்கு ஒருமுறை "எல்லாரும் ஏதாவது பேட்டன்ட் ஐடியா கொடுங்க"ன்னு மெயில் வரும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற ஒரு விஷயத்தைச் சின்னதாக மாற்றி, புதுக் கண்டுபிடிப்பு மாதிரி எழுதுவது எப்படி என்று அங்கே கிளாஸே எடுப்பார்கள். அந்தக் கலை மருந்து உலகத்தில் எவ்வளவு பெரிசாக நடக்கிறது என்று தேட ஆரம்பித்ததில்தான் அய்யங்கார் அறிக்கை கையில் கிடைத்தது. போன வருஷம் சாரல் சீசனில், வெளியே போக முடியாத சில நாட்களில் உட்கார்ந்து படித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

அல்வாவும் அல்வா செய்முறையும்

அறிக்கைக்குள் போவதற்கு முன்னால் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். மருந்துக்குக் கொடுக்கும் காப்புரிமை இரண்டு வகை. ஒன்று, செய்முறைக்கு. இன்னொன்று, பொருளுக்கே.

நம்ம ஊர் உதாரணமே சொல்கிறேன். ஒருவர் கோதுமைப் பால் எடுத்து அல்வா கிண்டும் ஒரு முறையைக் கண்டுபிடிக்கிறார். அந்த முறைக்கு மட்டும் உரிமை கொடுத்தால், வேறொரு முறையில் நானும் அல்வா கிண்டி விற்கலாம். அல்வாவுக்கே உரிமை கொடுத்துவிட்டால், எந்த முறையில் கிண்டினாலும் நான் விற்க முடியாது. அவர் சொன்னதுதான் விலை. அல்வா இல்லாமல் நாம இருந்துடலாம். இன்சுலின் இல்லாமல் இருக்க முடியாது.

வெள்ளைக்காரன் காலத்து 1911-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம் பொருளுக்கே உரிமை கொடுத்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் அதே சட்டம்தான் ஓடியது. அன்றைக்கு இந்திய மருந்துச் சந்தையின் பெரும்பகுதி வெளிநாட்டுக் கம்பெனிகள் கையில். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க செனட்டர் கெஃபாவர் தலைமையிலான குழு மருந்து விலைகளை ஆராய்ந்தபோது, உலகத்திலேயே மருந்து விலை மிக அதிகமாக இருக்கும் நாடுகளில் ஒன்றாக இந்தியாவைக் குறிப்பிட்டது. வருமானத்தில் கீழே, மருந்து விலையில் மேலே.

1959: முதலில் எண்ணிப் பார்

சட்டத்தை மாற்றச் சொல்லி முதலில் 1948-இல் நீதிபதி பக்‌ஷி டேக் சந்த் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அடுத்து 1957-இல் பொறுப்பு அய்யங்காருக்கு வந்தது. ஒரு நபர் குழு. இரண்டு வருஷம் கழித்து, 1959 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தார்.

அந்த அறிக்கையில் என்னைப் பிடித்து நிறுத்தியது அவருடைய வேலை முறை. சுதேசி, சுயசார்பு என்றெல்லாம் முழங்குவதற்கு வசதியான காலம் அது. அவர் முதலில் செய்தது கணக்கெடுப்பு. இந்தியாவில் கொடுக்கப்பட்ட காப்புரிமைகளில் இந்தியர்களுடையது எத்தனை, வெளிநாட்டவருடையது எத்தனை? அவற்றில் எத்தனை இந்த நாட்டில் உண்மையிலேயே பயன்பாட்டுக்கு வந்திருக்கின்றன?

விடை இதுதான். 80 முதல் 90 சதவீதம் காப்புரிமைகள் வெளிநாட்டவர் கையில். அவற்றிலும் 90 சதவீதத்துக்கு மேல் இந்தியாவில் பயன்படுத்தப்படவே இல்லை. அதாவது தொழிற்சாலை வைக்கவில்லை, இங்கே தயாரிக்கவில்லை. வேற யாரும் தயாரிக்காமல் பார்த்துக்கொள்வதற்கும், தாங்கள் இறக்குமதி செய்வதைச் சொன்ன விலைக்கு விற்பதற்கும்தான் அந்த உரிமை.

காப்புரிமை என்பது ஓர் ஒப்பந்தம். "நீ கண்டுபிடித்ததை ஊருக்குச் சொல், இங்கே பயன்பாட்டுக்குக் கொண்டு வா, பதிலுக்குக் கொஞ்ச காலம் உனக்கு மட்டும் உரிமை." ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு மட்டும் தன் பங்கைச் செய்கிறது என்பதை அய்யங்கார் எண்ணிக்கையை வைத்தே காட்டிவிட்டார்.

இதைப் பார்த்து, காப்புரிமையே வேண்டாம்னு அவர் முடிவுக்கு வந்திருக்கலாம். வரவில்லை. வளரும் நாட்டுக்கு இந்த முறையால் கிடைக்கும் லாபம் குறைவு, சிரமம் அதிகம், ஆனாலும் இதைவிட நல்ல மாற்று கையில் இல்லை, எனவே குறைகளைச் சரிசெய்து வைத்துக்கொள்வோம் என்பதுதான் அவர் நிலை. உணவுக்கும் மருந்துக்கும் பொருள் உரிமை கூடாது, செய்முறைக்கு மட்டும் போதும் என்பது அவர் பரிந்துரையின் மையம்.

இது ஏதோ ஏழை நாட்டுக் குறுக்குவழி என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று பணக்கார நாடுகளின் வரலாற்றையும் எடுத்து வைக்கிறார். ஜெர்மனியின் 1877-ஆம் வருஷச் சட்டம் வேதிப்பொருட்களுக்குச் செய்முறை உரிமை மட்டுமே கொடுத்தது. அவர்கள் வேதித் தொழில் வளர்ந்ததே அதற்குள்தான். பிரிட்டனும் 1919-இல் அதே வழிக்கு மாறி, 1949 வரை அதிலேயே இருந்தது. அறிக்கை வந்த காலத்தில் சுவிட்சர்லாந்தும் மருந்துக்குப் பொருள் உரிமை கொடுக்கவில்லை. அவர்கள் கொடுக்க ஆரம்பித்தது 1970-களின் பிற்பகுதியில்தான். இந்த சுவிட்சர்லாந்து விஷயத்தை ஞாபகம் வைச்சுக்கோங்க. பிறகு வரும்.

அறிக்கை சட்டமானது

அறிக்கை கொடுத்த அடுத்த வருஷமே, 1960-இல், அய்யங்கார் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு அங்கே அவர் பெயர் தெரிவது கரக் சிங் வழக்கால். தனியுரிமை என்பது நம் அரசியல் சாசனம் உத்தரவாதம் தரும் உரிமை இல்லை என்ற 1962-ஆம் வருஷப் பெரும்பான்மைத் தீர்ப்பு அவர் எழுதியது. அந்தப் பகுதியை 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் தூக்கிப் போட்டுவிட்டது. நல்லதுதான். ஒரே கை எழுதியதில் தீர்ப்பு காலத்தில் நிற்கவில்லை, அறிக்கை நின்றது.

அதுவும் சும்மா நிற்கவில்லை. 1965-இல் கொண்டுவந்த மசோதா காலாவதியானது. 1967-இல் மறுபடி ஒன்று. கூட்டுக்குழு, சாட்சியங்கள், எதிர்ப்புகள். கடைசியில் 1970-இல் காப்புரிமைச் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் 20-இல் நடைமுறைக்கு வந்தது. மருந்துக்குச் செய்முறை உரிமை மட்டும். அதுவும் விண்ணப்பித்த நாளிலிருந்து 7 வருஷம் அல்லது உரிமை கொடுத்த நாளிலிருந்து 5 வருஷம், எது குறைவோ அது. மற்ற கண்டுபிடிப்புகளுக்கு 14 வருஷம்.

அடுத்த முப்பது வருஷத்தில் நடந்தது உலகத்துக்கே தெரியும். இந்திய வேதியியலாளர்கள் ஒரே மருந்துக்கு வேறு வேறு செய்முறைகளைக் கண்டுபிடித்தார்கள். ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் உச்சத்தில் இருந்தபோது, மூன்று மருந்துச் சேர்க்கைக்கு ஒரு நோயாளிக்கு வருஷத்துக்கு 10,000 முதல் 15,000 டாலர் வரை ஆனது. 2001-இல் இந்தியாவின் சிப்லா கம்பெனி 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. அந்த 350-க்குப் பின்னால் ஒரு சென்னை நீதிபதியின் பரிந்துரை இருக்கிறது.

2005: பழைய கதவு, புதுத் தாழ்ப்பாள்

உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த கையோடு இந்தியா ஓர் உறுதி கொடுத்திருந்தது. 2005 ஜனவரி 1 முதல் மருந்துக்கும் பொருள் உரிமை. அய்யங்கார் மூடிய கதவு திறந்தாகணும். ஆனால் திறக்கும்போது, இடதுசாரிக் கட்சிகளின் அழுத்தத்தில் நாடாளுமன்றம் ஒரு தாழ்ப்பாளையும் வைத்தது. அதுதான் பிரிவு 3(d).

சுருக்கமா அது சொல்றது இதுதான். ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளின் புது வடிவத்தைக் கொண்டு வந்தால் மட்டும் காப்புரிமை கிடையாது. அந்தப் புது வடிவத்தின் செயல்திறன் கூடியிருக்கணும். மென்பொருள்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், வெர்ஷன் நம்பரை மட்டும் மாற்றிக்கொண்டு வந்து இன்னொரு 20 வருஷம் கேட்காதே.

முதல் பெரிய சோதனை சென்னையிலேயே வந்தது. இரத்தப் புற்றுநோயில் ஒரு வகைக்கு இமாட்டினிப் என்று ஒரு மருந்து. கிளிவெக் என்ற பெயரில் சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் விற்றது. தினமும் மாத்திரை, வருஷக்கணக்கில். அது வருவதற்கு முன் அந்த நோய்க்கு ஆயுள் கொஞ்ச வருஷம்தான். உண்மையிலேயே பெரிய கண்டுபிடிப்பு, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் மூல மருந்துக்கான காப்புரிமை விண்ணப்பம் அமெரிக்காவில் போடப்பட்டது 1993-இல். அப்போது இந்தியாவில் பொருள் உரிமை கிடையாது. 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் அவர்கள் கேட்டது, அதே மருந்தின் உப்பின் ஒரு படிக வடிவத்துக்கு.

விலை வித்தியாசம் என்ன? கம்பெனி மருந்து மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியத் தயாரிப்பு சுமார் 8,000 முதல் 10,000 வரை. இந்தியாவில் பெரும்பாலான நோயாளிகளுக்கு இலவசமாகவே கொடுக்கிறோம் என்பது கம்பெனியின் வாதம். அப்படிக் கொடுத்ததும் உண்மைதான். ஆனால் இலவசம் என்பது கொடுப்பவர் மனசு. விலை என்பது எல்லாருக்கும் பொதுவானது.

எங்க தெருவிலேயே இந்த மாத்திரையில் பல வருஷமா நடமாடிக்கொண்டிருக்கிற ஒருத்தர் உண்டு. எங்க பக்கத்திலிருந்து புற்றுநோய் வைத்தியத்துக்குப் பலரும் செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் வழியாகத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்குப் போவது வழக்கம். அவரும் அப்படிப் போய் வருகிறவர்தான். மாசம் 1,20,000 என்றால் அவர் குடும்பம் வயலை விற்றிருந்தாலும் ஒரு வருஷம் தாண்டியிருக்காது.

மும்பையின் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் இந்திய மருந்துக் கம்பெனிகளும் எதிர்ப்பு மனு போட்டார்கள். 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. நோவார்ட்டிஸ் பிரிவு 3(d) செல்லாது என்றே சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2007 ஆகஸ்ட் 6-இல் நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு அந்த வாதத்தை ஏற்கவில்லை. "செயல்திறன்" என்ற சொல் தெளிவில்லாதது என்று கம்பெனி சொன்னதற்கு, நீதிமன்றம் மருத்துவ அகராதியை எடுத்துப் பார்த்தது. மருந்தைப் பொறுத்தவரை செயல்திறன் என்றால் நோயைக் குணமாக்கும் திறன், அவ்வளவுதான் என்று முடித்தது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013 ஏப்ரல் 1-இல் நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா தேசாய் தீர்ப்பு சொன்னார்கள். புது வடிவம் உடம்பில் 30 சதவீதம் கூடுதலாகச் சேருகிறது என்பதை மட்டும் வைத்து, குணமாக்கும் திறன் கூடியதாகச் சொல்ல முடியாது, காப்புரிமை கிடையாது. அந்தத் தீர்ப்பைத் திறந்து பார்த்தால், சட்டத்தின் வரலாற்றைச் சொல்லும் இடத்தில் பக்கம் பக்கமாக வருவது 1959-ஆம் வருஷ அய்யங்கார் அறிக்கை. 54 வருஷம் கழித்து, தன் ஊரிலேயே 1970-களின் பிற்பகுதி வரை மருந்துக்குப் பொருள் உரிமை பார்க்காத சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஒரு கம்பெனிக்கு எதிராக அந்த அறிக்கை மறுபடி சாட்சி சொன்னது.

எண்ணிக்கை மறுபடி

அந்த உச்ச நீதிமன்ற வழக்கில் எந்தக் கட்சிக்காரருக்காகவும் இல்லாமல், கல்வியாளராக உள்ளே வந்து வாதம் வைத்தவர் ஷம்நாத் பஷீர். மலைக்கு அந்தப் பக்கம், கொல்லத்துக்காரர். பெங்களூரில் சட்டம், ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ச்சி, கொல்கத்தாவில் பேராசிரியர் வேலை. நோயாளிகள் தரப்பு வாதத்தை அவர் அப்படியே திருப்பிச் சொல்லவில்லை. குணமாக்கும் திறனைப் பார்க்கும்போது நச்சுத்தன்மை குறைந்திருப்பதையும் கணக்கில் எடுக்கணும் என்றார். நீதிமன்றம் அந்தக் கேள்வியை முடிவு செய்யாமல் விட்டது.

ஆனால் என் கணக்கில் ஷம்நாத்தின் பெரிய வேலை வேறு. காப்புரிமை வைத்திருப்பவர்கள் அது இந்தியாவில் எவ்வளவு பயன்பாட்டில் இருக்கிறது என்று வருஷா வருஷம் படிவம் 27-இல் சொல்லணும். அய்யங்கார் 1959-இல் கேட்ட அதே கேள்வி, படிவமாகி அலுவலகத்தில் கிடந்தது. ஷம்நாத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்தப் படிவங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பலர் தாக்கலே செய்யவில்லை. செய்தவர்களிலும் பலர் அரைகுறை. 2015-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார்.

இந்தப் படிவத்தால் என்ன பெரிசா ஆகிடும்னு கேட்கலாம். நெக்ஸாவர் கதையைப் பாருங்க. சிறுநீரகம், ஈரல் புற்றுநோய்க்கான மருந்து. பேயர் கம்பெனி விலை மாதம் 2,80,428 ரூபாய். 2012 மார்ச்சில் நாட்கோ கம்பெனிக்குக் கட்டாய உரிமம் கிடைத்தது. விலை 8,880 ரூபாய். அதற்கு அடிப்படையாக நின்றவற்றில் பேயரின் சொந்தக் கணக்கும் ஒன்று. மருந்து தேவைப்பட்டவர்களில் சுமார் 2 சதவீதம் பேருக்குத்தான் அவர்கள் சரக்கு போய்ச் சேர்ந்திருந்தது. மேல்முறையீட்டில், 2013 மார்ச்சில், அந்த உரிமத்தை உறுதி செய்தது சென்னையில் இருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம். தலைவர் அதே பிரபா ஸ்ரீதேவன். பேயருக்குச் சேர வேண்டிய ராயல்டியை மட்டும் 6-லிருந்து 7 சதவீதமாக ஏற்றினார். எண்ணிக்கை இல்லையென்றால் இந்த வாதத்துக்குக் காலே கிடையாது.

ஷம்நாத் 2019 ஆகஸ்டில், 43 வயதில் காலமானார். அந்த வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டது. ஆனாலும் கதவைத் தட்டுகிறவர்கள் நிற்கவில்லை. காசநோய் மருந்து பெடாக்குலினின் காலத்தை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் கேட்டபோது, அந்த நோயிலிருந்து பிழைத்த நந்திதா வெங்கடேசன், புமேசா டிசிலே என்ற இரண்டு பெண்கள் எதிர்ப்பு மனு போட்டார்கள். 2023 மார்ச்சில் மும்பை அலுவலகம் கம்பெனியின் விண்ணப்பத்தை நிராகரித்தது. இருவருமே வக்கீல்கள் இல்லை. சட்டம் அவர்களுக்கு ஒரு கதவு வைத்திருந்தது, திறந்து உள்ளே போனார்கள்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். 2024 மார்ச்சில் காப்புரிமை விதிகள் திருத்தப்பட்டன. எதிர்ப்பு மனுவுக்குக் கட்டணம் வந்தது. மனு விசாரணைக்கு ஏற்றதுதானா என்று முதலில் அதிகாரி முடிவு செய்வார் என்றும் வந்தது. படிவம் 27 வருஷா வருஷம் வேண்டாம், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை போதும் என்றாகிவிட்டது. காகித வேலை குறைகிறது என்பது அரசு தரப்புக் காரணம். ஒரு பொறியாளனாக எனக்கு அந்த எரிச்சல் புரியாமல் இல்லை. ஆனால் பிரிவு 3(d) மாதிரி பிரிவுகளைத் தொட்டால் நாடே கவனிக்கும், நாடாளுமன்றத்தில் சத்தம் வரும். ஒரு படிவத்தின் கால இடைவெளியை மாற்றினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மானிட்டரிங்கை நிறுத்திவிட்டால் சர்வர் விழுந்தது கடைசியில் வாடிக்கையாளருக்குத்தான் முதலில் தெரியும் என்பது எங்க தொழிலில் சின்னப் பையனுக்கும் தெரியும். இங்கே அந்த வாடிக்கையாளர் நோயாளி.

அய்யங்கார் அறிக்கை இணையத்தில் கிடைக்கிறது. நீளமானது, ஆங்கிலம் பழசு. முழுக்கப் படிக்க முடியாதவர்கள் காப்புரிமைகளின் எண்ணிக்கை அட்டவணைகள் வரும் பக்கங்களையாவது பாருங்கள். அதே அட்டவணையை 2024 கணக்கோடு போட முடியுமா என்று முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் கணக்கு வரும் என்பதால், முடிக்க நாளாகும்.